உள்ளே இருந்து பூட்டுகிற கதவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை எனக்கு நோட்டீஸ் தந்தாள்.

எழுத்தில் இல்லை, வாயால்தான். நான் தோசையைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே குரலில் சொன்னாள்:

"அண்ணை, இந்த மாசம் முடியிறதுக்கிடையிலை என்ரை அறைக் கதவுக்கு உள்ளுக்கை ஒரு பூட்டுப் போட்டுத் தாங்கோ. ஏலாதெண்டால் நான் கொட்டாஞ்சேனையிலை மற்ற ரீச்சர்மாரோடை போடிங்கிலை போய் இருக்கிறன்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். 

பாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது இருபத்தெட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, டிராம் பிடித்துப் போய், மாலையில் அதே வழியாகத் திரும்பி வருகிறாள். மூன்று வருஷமாக எங்களோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்று எனக்கும் மனைவி மங்களத்துக்கும் எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும். மற்றது விறாந்தையை ஒட்டிய சின்ன அறை. முன்பு சாமான் அறையாக இருந்தது. அதுதான் பாக்கியத்தினுடையது.

அவளுடையது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்... அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் வீடு எடுத்திருக்கிற யாழ்ப்பாணத்து ஆள் எவருக்கும் இது விளங்கும். நாம் எடுப்பது வீடு. நடத்துவது ஒரு ஸ்டேஷன். யாழ்ப்பாண மெயில் வருகிற காலைகளில் வாசலில் ஒருவர் நிற்பார். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மாம்பழம். இன்டர்வியூவுக்கு வந்தவர், வழக்குக்கு வந்தவர், பல்லுப் பிடுங்க வந்தவர். சாக்கும் பெட்டியும் எங்கே போகும்? பாக்கியத்தின் கட்டிலுக்குக் கீழே. வேட்டி எங்கே மாற்றுவார்கள்? பாக்கியத்தின் அறையில். ஏனென்றால் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது.

அப்போது இரண்டு வாரமாக இருந்தவர் அருளம்பலம் மாமா. அம்மாவின் தம்பி. கோண்டாவிலில் இருந்து டாக்டரிடம் கண்ணைக் காட்ட வந்தவர். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை முகம் நிறையச் சவர்க்கார நுரையும் கையில் சவரக் கத்தியுமாக, கண்ணாடியைத் தேடி நேரே அறைக்குள் போய்விட்டார். உள்ளே பாக்கியம் பாதிச் சேலையோடு நின்றிருக்கிறாள்.

அவள் சத்தம் போடவில்லை. மாமாதான் ஆறுதல் சொன்னாராம்: "பயப்பிடாதை பிள்ளை, எனக்கு ஒண்டும் வடிவாய்த் தெரியாது."

அதன் மறுநாள்தான் எனக்கு நோட்டீஸ்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டில், என் தங்கை, கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதா? யாருக்குப் பயந்து? எனக்கா? அன்று மத்தியானம் விறாந்தையில் வைத்து இதை மங்களத்திடம் சொன்னேன். சாய்மனைக் கதிரையில் கிடந்த மாமா உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"தம்பி சொல்லுறது சரி. நாளைக்கு ஒரு பகுதி பொம்பிளை பாக்க வருகுது எண்டு வை. அறையைப் பூட்டிப்போட்டு இருக்கிற பெட்டை எண்டெல்லோ கதைப்பினம்?"

மங்களம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"பொம்பிளை பாக்க வாறவை கதவைத் தட்டிப்போட்டு வரட்டும், மாமா. எங்கடை ஆக்களுக்குத்தான் அது தெரியாது."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். போடிங் விடுதிக்குத் தங்கை போய்விட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று முதலில் யோசித்தேன். அவள் இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை எப்படி இருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். இந்த வரிசைக்காக இப்போது வெட்கப்படுகிறேன். எப்படியோ, புதன்கிழமை கந்தோரில் வேலை முடிந்ததும் பூட்டு வாங்கப் புறப்பட்டேன்.

உலக யுத்தம் முடிந்தாலும் பித்தளைச் சாமான் இன்னும் கடைகளுக்கு ஒழுங்காக வருவதில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், பழைய கப்பல்களில் கழற்றிய சாமானும் இரத்மலானைப் பட்டாளக் கொட்டில்களில் கழற்றிய சாமானும் கிடைக்கும் என்று கந்தோரில் ஒருவர் சொன்னார். போனேன். கடை நீளமாக, இருட்டாக இருந்தது. சுவர் முழுக்கப் பூட்டும் சங்கிலியும் தொங்கின. நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அறைக் கதவுக்கு ஒரு பூட்டு வேணும்," என்றேன்.

"தாராளமா ஈக்கி. செல்லுங்க ஐயா, கதவு எந்தக் கை?"

"கதவுக்குக் கையோ?"

"இடங்கையா, வலங்கையா? கதவு தொங்குற பிணைச்சல் எந்தப் பக்கம்?"

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அவை உதவவில்லை.

"சரி, உள்ளுக்குத் தொறக்குதா, வெளிய தொறக்குதா?"

"திறக்குது..."

"பலகை எவ்வளவு தடிப்பு?"

"ஒரு கதவின்ரை தடிப்பு."

நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருஷமாக அந்தக் கதவுக்கு முன்னால் நாள்தோறும் நடக்கிறேன். அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? இப்போது எழும்பிப் போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.

வெறுங்கையோடு போக மானம் விடவில்லை. கேள்வி எதுவும் கேட்காத ஒரு சாமான் சுவரில் தொங்கியது. நல்ல கனமான கொண்டி, அதில் மாட்டித் தொங்கவிட ஒரு பெரிய ஆமைப்பூட்டு. எந்தக் கைக் கதவுக்கும் பொருந்தும் என்றார் நானா. வாங்கிக்கொண்டு, ரயிலில் அதை மடியில் வைத்துத் தடவியபடி வந்தேன்.

பாக்கியம் கடதாசியைப் பிரித்தாள். கொண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணை, இது வெளியாலை பூட்டுறது."

"ஓம்... பாதுகாப்புத்தானே."

"அப்ப நான் உள்ளுக்கை இருக்கேக்கை ஆர் பூட்டுறது?"

குசினியில் மங்களம் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா, "நல்ல கனமான பூட்டு," என்று பாராட்டினார். பாக்கியம் சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. கொண்டியைத் திரும்பவும் கடதாசியில் சுற்றி, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது — இவள் உண்மையாகவே போய்விடுவாள்.

மறுநாள் முதல் நான் கதவு பார்க்கத் தொடங்கினேன். ரயில் பெட்டிக் கதவு, கந்தோர்க் கதவு, தேத்தண்ணிக் கடைக் கதவு, எதையும் விடவில்லை. எங்கள் துரையின் அறைக் கதவு ஒன்றுதான் சரியான கதவு. சாத்தினால் சத்தமில்லாமல் போய் உட்காரும். அதற்கு என்ன காரணம்? வெள்ளிக்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்து, குந்தியிருந்து, நிலையில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. துரையின் சப்பாத்து என் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"என்ன செய்கிறீர்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கதவு பார்க்கிறேன், சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டைவிட்டுப் போகப் போகிறார்கள் என்று எல்லோரும் கதைக்கிறார்கள். போகிற மனிதருக்குக் கதவைப் பற்றி என்ன கவலை?

சனிக்கிழமை பாக்கியத்திடம் போய், "நீயும் வா. எனக்கு இது ஏலாது," என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் சொன்ன உருப்படியான வசனம் அது ஒன்றுதான்.

அவள் ஆயத்தமாகவே இருந்தாள். பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து, கொப்பியில் கிழித்த ஒற்றையில் படமே கீறி வைத்திருந்தாள். கதவின் தடிப்பு ஒன்றரை அங்குலம். பலா மரம். உள்ளே திறக்கிறது. இடங்கை. பிணைச்சல் இரண்டு, இரும்பு, இரண்டும் கறள் பிடித்தவை.

நானா அந்த ஒற்றையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே அவளோடு கதைக்கத் தொடங்கினார்.

"டீச்சர், வீடு கடல் பக்கமா?"

"ஓம். வெள்ளவத்தை. ரயில் ரோட்டுக்குக் கிட்ட."

"அப்ப இரும்பு வாணாம். ஒரு மாரிக்குத் தாங்காது. பிணைச்சலும் பித்தளை, ஆணியும் பித்தளை. ரெண்டுல ஒண்டு இரும்பெண்டாலும் மத்ததையும் கெடுத்துப் போடும்."

மூன்று பித்தளைப் பிணைச்சல் எடுத்தாள். ஒவ்வொன்றையும் விரித்து மடக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தம் கேட்டாள். பிறகு பூட்டுகள். கதவின் மேலே பொருத்துகிற பெட்டிப் பூட்டு வேண்டாம் என்றாள். ஓடித் திரிகிற பிள்ளைகளின் தலை அந்த உயரத்தில்தான் வரும். நானா உள்ளே போய், எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஏதோ ஒரு கப்பலில் ஒரு சின்ன அறையின் பூட்டு. மரத்துக்குள் புதைக்கிற வகை. சாத்தினால் சரிவான நாக்கு ஒன்று தானாகப் போய் விழும். அதற்குக் கீழே சின்னக் குமிழ். உள்ளே இருப்பவர் அதைத் திருப்பினால் இன்னொரு நாக்கு வெளியே வரும். பிறகு வெளியே இருந்து யார் என்ன செய்தாலும் திறக்காது.

பாக்கியம் குமிழைத் திருப்பினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதான்," என்றாள்.

"இதுக்குத் தகடு இல்லையே, டீச்சர்," என்றார் நானா. "நிலையில பதிக்கிற தகடு. அது கப்பல்லயே நிண்டுட்டுது. ஆக்கள் பூட்டைத்தான் பாப்பாங்க, தகட்டைப் பாக்க மாட்டாங்க. மரத்துல சும்மா ஓட்டை போட்டு வுட்டா, நாக்கு அடிச்சு அடிச்சு ஒரு வருஷத்துல மரம் தெறிச்சுப் போகும். அதுக்குப் பொறகு பூட்டு ஈந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

ஒரு பிஸ்கட் தகரத்தைத் தூக்கிவந்து மேசையில் கவிழ்த்தார். தகடுகள் மலையாகக் குவிந்தன. "இதுக்குள்ள ஈந்தா உங்கட அதிர்ஷ்டம்."

பாக்கியம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தகடு ஒவ்வொன்றாக எடுத்து, பூட்டின் இரண்டு நாக்குக்கும் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் மேல் ஓட்டை சரி, கீழ் ஓட்டை சின்னது. இன்னொன்றில் இரண்டும் சரி, இடைவெளி கூட. நான் கால் மாறி நின்றேன். டிராம் இரண்டு போய்விட்டது.

"வேறொரு நாளைக்கு வருவமே? அப்பிடி என்ன அவசரம்?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கை தகட்டைத் தேடிக்கொண்டே இருந்தது.

"ஊரிலை அம்மாவோடை ஒரு பாயிலை படுத்தன். ட்ரெயினிங் எடுக்கேக்கை ஹொஸ்டல், ஒரு ஹோலுக்கை பதினெட்டுப் பேர். இஞ்சை வந்தால் சாமான் அறை. எனக்கு இருபத்தெட்டு வயசு, அண்ணை. ஒரு கதவைச் சாத்திப்போட்டு, அதுக்கு இங்காலை நான் மட்டும் எண்டு ஒரு நாளும் இருந்ததில்லை. உங்களிலை கோபம் ஒண்டுமில்லை. மாமாவிலையும் கோபமில்லை. எனக்கு அது வேணும். அவ்வளவுதான்."

 ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். நானும் தகடு தேடத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் நானாவும் மேசைக்கு மற்றப் பக்கம் நின்று தேடினார். 

அவள்தான் கண்டுபிடித்தாள். பச்சை பிடித்த ஒரு தகடு. விளிம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பூட்டில் பிடித்தாள். மேல் நாக்கு போனது. குமிழைத் திருப்பினாள். கீழ் நாக்கும் போனது — டக்.

திரும்பவும் செய்தாள். டக். இன்னொரு தரம்.

"போதும் டீச்சர்," என்றார் நானா. "வீட்டுக்குப் போற முந்தித் தேஞ்சிடும்."

அன்றைக்கு அவள் முதல்முறை சிரித்தாள்.

மறுநாள் காலை தச்சு வேலை செய்கிற பாஸ் வந்தார். ஹவ்லொக் டவுன் பக்கத்துச் சிங்களவர். பூட்டைக் கையில் வைத்துப் பார்த்து, "லொக் ஹொந்தாய்," என்றார். பூட்டு நல்லதாம். கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். கதவு அரை அங்குலம் மேலே வந்து, திரும்பக் கீழே விழுந்தது. "தொர நரக்காய்." இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, அவர் முகமே போதும்.

"பிணைச்சல் முடிஞ்சு, மாத்தயா," என்று எனக்கு விளங்குகிற தமிழில் சொன்னார். "கதவு கீழ விழுந்தா நாக்கு எங்க போறது? முதல் பிணைச்சல் வேணும். நீங்க வாங்கி வச்சா, நான் அடுத்த ஞாயிறு வாறது."

பாக்கியம் அலுமாரியைத் திறந்து, மூன்று பித்தளைப் பிணைச்சலையும் ஆணிப் பொட்டலத்தையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

பாஸ் பிணைச்சலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நோனா ஹொந்தாய்," என்றார்.

கதவைக் கழற்றினார். கழற்றினதும் வீடு முழுக்கக் கடற்காற்று நுழைந்து என் பேப்பரைக் கொண்டுபோனது. பாஸ் கதவின் ஓரத்தைச் சீவினார். மழைக் காலத்தில் மரம் ஊதும், இப்போதே இடம் விட வேண்டும் என்றார். புதுப் பிணைச்சலில் கதவு ஏறியது. தகட்டை எங்கே பதிப்பது? பாக்கியத்திடம் சோக்குக்கட்டி ஒன்று கேட்டு வாங்கி, பூட்டின் நாக்கில் நன்றாகத் தடவிக் கதவைச் சாத்தினார். திறந்தபோது நிலையில் வெள்ளையாக ஒரு அடையாளம். அந்த இடத்தில் உளியை வைத்தார். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து இதெல்லாவற்றையும் பாராதவர் போல மறுபக்கம் திரும்பியிருந்தார். உளிச் சத்தம் நின்ற ஒவ்வொரு தரமும், "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. பாஸ் போனார். பாக்கியம் அறைக்குள் போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, எங்கள் துரையின் கதவைப் போல. பிறகு உள்ளே குமிழ் திரும்பிய சத்தம்.

நானும் மங்களமும் பிள்ளைகளும் விறாந்தையில் நின்று மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னத்தைப் பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மங்களம்தான் முதலில், "வாங்கோ, சாப்பிடுவம்," என்றாள்.

ஒரு மணியாகியது. இரண்டு மணியாகியது. எனக்குப் பொறுக்கவில்லை. பூட்டு இறுகிவிட்டால்? மயங்கி விழுந்திருந்தால்? போய்த் தட்டினேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டால் போங்கோ, அண்ணை."

குரலில் கோபமில்லை. போனேன்.

நாலு மணிக்கு மாமாவின் கண்ணுக்கு மருந்து விட வேண்டும். அதைச் செய்கிறவள் பாக்கியம்தான். மங்களத்துக்குக் கை நடுங்கும், எனக்கு மனம் நடுங்கும். மாமா மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மணிக்கூட்டைப் பார்க்க முடியாததால் என்னிடம் மூன்று தரம் நேரம் கேட்டார். பிறகு எழும்பினார்.

கதவுக்கு முன்னால் போய் நின்றார். கையை உயர்த்தினார். இறக்கினார். சொந்தக்காரர் வீட்டில் ஒரு கதவைத் தட்டுவது அவருடைய அறுபத்தைந்து வருஷத்தில் நடந்திராத காரியம். இருமினார். சால்வையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் இருமினார். கடைசியில், மரத்துக்கு நோகாத மாதிரி இரண்டு விரலால் தட்டினார்.

"ஆர்?" என்றாள் உள்ளே இருந்து.

மாமா திகைத்துப்போனார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து நின்று, கோர்ட்டில் பெயர் கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"சின்னத்தம்பி அருளம்பலம். கோண்டாவில்."

கொஞ்சம் பொறுத்து, "மாமா," என்றார்.

குமிழ் திரும்பியது. கதவு திறந்தது.

"வாங்கோ மாமா. உள்ளுக்கை வந்து இருங்கோ."

அறையில் இருந்த ஒரே கதிரையை அவருக்குக் கொடுத்தாள். தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, கண்ணுக்கு மருந்து விட்டாள். மருந்து கன்னத்தில் வழிய, கண்ணை மூடியபடியே மாமா சொன்னார்:

"இந்த அறைக்கு நல்ல காத்து வருது, பிள்ளை."

மூன்று வாரமாக நாளுக்குப் பத்துத் தரம் அந்த அறைக்குள் போய்வந்தவர். அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அரைமணி நேரம் இருந்து கதைத்துவிட்டுத்தான் வந்தார்.

போடிங் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் இப்போது தேவையோ இல்லையோ போய்த் தட்டுகிறார்கள். உள்ளே இருந்து "ஆர்?" என்று கேட்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பூட்டு வந்த பிறகு பாக்கியம் எங்களோடு முன்னையைவிட அதிகம் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடத்துக் கதைகள் எல்லாம் சொல்கிறாள். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறவர்தான் ஆறுதலாக உட்கார்ந்து கதைப்பார் போலும்.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. போன ஞாயிறு கேட்டே விட்டேன்.

"அண்டைக்கு நாலு மணித்தியாலம் உள்ளுக்கை என்ன செய்தனீ?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஒண்டும் செய்யேல்லை, அண்ணை. கட்டிலிலை இருந்தன். யன்னலாலை பாத்தன். ஒண்டுமே செய்யேல்லை."

ஏதோ பரிசு வாங்கிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மங்களம், கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் ஒரு நாளைக்கு அப்பிடி ஒண்டும் செய்யாமல் இருக்க வேணும் போலை கிடக்கு."

பூட்டு வாங்கக் கடை தெரியும். மங்களத்துக்கு ஒரு அறை வாங்க நான் எந்தக் கடைக்குப் போவேன்?